நமக்குள்ளேயே இருக்கட்டும்

கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் ஆலோசனை நிறுவனம். கீழே மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவர்கள் வழி தவறி மேலே ஏறி, வெள்ளைப் பலகையில் எழுதியிருப்பதைக் கண் பரிசோதனை என்று நினைத்து எழுத்துக் கூட்டிப் படித்த கூத்தெல்லாம் அங்கே நடந்ததுண்டு.

நிறுவனம் என்று பெயர்தானே தவிர, ஆட்கள் மூன்றே பேர். முதலாளியை எல்லோரும் வாத்தியார் என்பார்கள். முன்பு கல்லூரியில் பாடம் எடுத்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, தொழிற்சாலைகளும் கடைகளும் தங்கள் வேலையை எப்படி ஒழுங்காக நடத்துவது என்று சொல்லிக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கினார். ஊர் உலகத்துக்கெல்லாம் ஒழுங்கு சொல்லும் அந்த அலுவலகத்தில் பிரிண்டருக்கு மை தீர்ந்தால் போய் வாங்க ஒரு நாதி கிடையாது. இரண்டாவது ஆள், நாள் முழுக்கக் கணினியில் கட்டம் போட்டு எண்களை நிரப்பிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர். அவருக்குக் 'கட்டம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. மூன்றாவது ஆள் அவள்.

அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. காது. வாத்தியார் வைத்ததுதான். வேலை செய்கிறவர்களை உட்கார வைத்துப் பேச வைப்பது அவள் பொறுப்பு. எப்படிப்பட்ட அழுத்தக்காரரும் அவளிடம் வாயைத் திறந்துவிடுவார். அவள் ஒன்றும் வசியம் செய்வதில்லை. குறுக்கே பேசமாட்டாள், கடிகாரத்தைப் பார்க்கமாட்டாள், கையில் பேனா வைத்துக்கொள்ளமாட்டாள். அவ்வளவுதான். வீட்டில் கணவர் கிண்டல் செய்வார்: "வெளிய எல்லாருக்கும் காது. நான் பேசுனா மட்டும் செவிடு."

சின்ன அலுவலகம் என்றால் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். காலையில் ஒரு தொழிற்சாலையில் பேட்டி எடுப்பாள். மத்தியானம் வங்கிக்குப் போவாள். வாடிக்கையாளர் வருகிறார் என்றால் கோப்பை கழுவி வைப்பாள், கீழே கடையிலிருந்து இரண்டு நாற்காலி கடன் கேட்டுத் தூக்கி வருவாள். யாராவது தொலைபேசியில், "உங்க ஆராய்ச்சிப் பிரிவோட பேசணுமே" என்று கேட்டால் வாத்தியார், "ஒரு நிமிஷம், இணைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அப்படியே கையை நீட்டி அவளிடம் கொடுப்பார். அவள் குரலை மாற்றிக்கொண்டு, "ஆராய்ச்சிப் பிரிவு, சொல்லுங்க" என்பாள். கட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் 'எங்கள் நிபுணர் குழு' என்று ஒரு படம் உண்டு. அதில் டை கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பவர் கீழ்க்கடையில் கண் பரிசோதிக்கிறவர். ஆள் போதவில்லை என்று அவரையும் இழுத்து நிறுத்தினார்கள்.

இத்தனை இழுபறியிலும் அவள் அந்த வேலையை விடாததற்கு வாத்தியார்தான் காரணம். மகளுக்கு ஒருமுறை திடீரென்று வயிற்றில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. கணவர் அன்று வெளியூரில். அவள் கைகால் ஓடாமல் நின்றபோது வாத்தியார் வந்து சேர்ந்தார். டாக்டரோடு பேசினார், ஓடி ஓடி மருந்து வாங்கினார், மகள் கண் விழிக்கும்வரை வராந்தா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று அவள் சொல்லிச் சொல்லி மாய்வாள். அதற்கப்புறம் பெரிய நிறுவனங்களிலிருந்து அழைப்பு வந்தபோதெல்லாம் யோசிக்காமல் வேண்டாம் என்றாள்.

அந்த வருஷம் நிலைமை சரியில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளராகக் கழன்றுகொண்டார்கள். வாத்தியார் முன்போல் ஜோக் அடிப்பதில்லை. அப்போதுதான் லாண்டரி வேலை வந்தது. ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு, துண்டு, திரை எல்லாம் வெளுத்துக் கொடுக்கும் பெரிய லாண்டரி. வேறு இரண்டு இடங்களிலும் அதே முதலாளிக்குக் கிளைகள் உண்டு. இங்கே வேலை நன்றாக முடிந்தால் கிளைகளும் நமக்குத்தான் என்று வாத்தியார் கணக்குப் போட்டார்.

அவளுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் திக்கென்றது.

"சார், அங்க எங்க அண்ணி வேலை பாக்கறாங்க. என் வீட்டுக்காரரோட அக்கா. தேய்க்கிற பகுதிக்கு அவங்கதான் சூப்பர்வைசர். நான் வர்றது சரியா இருக்குமா?"

"அதனால என்னம்மா? நல்லதாப் போச்சு. உன்னைப் பாத்தா அவங்க பயப்படமாட்டாங்க. நாம என்ன ஆளைத் தூக்கவா போறோம்? வேலையைச் சுலபமாக்கப் போறோம்."

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

லாண்டரிக்குள் நுழைந்தால் முகத்தில் ஈரத்துணியைப் போட்டு மூடியது போலிருக்கும். ஒரு கோடியில் அழுக்கு மூட்டைகள் வந்து இறங்கும். நடுவில் ராட்சச மெஷின்கள் சுற்றும். மறுகோடியில் தேய்க்கும் பகுதி. அங்கே ஆள் உயரத்துக்கு நீளமான ஒரு சூடான உருளை எந்நேரமும் உருண்டுகொண்டிருக்கும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று விரிப்பின் முனைகளை இழுத்துப் பிடித்து அதற்குள் ஊட்டிவிட வேண்டும். அந்தப் பக்கம் அது மொடமொடவென்று வெளியே வரும். நாலு பெண்கள் அதை மடித்து அடுக்குவார்கள். ஊட்டுகிற கை ஒரு நொடி தவறினாலும் விரல் வெந்துவிடும்.

அண்ணி அங்கே ராணி. குரல் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். முதல் நாளே எல்லோரையும் கூப்பிட்டு, "இது வேற யாருமில்ல, என் தம்பி பொண்டாட்டிதான். நம்ம கஷ்டத்தை நம்பிச் சொல்லலாம். சொல்லுங்கடி, ஊமைக்கோட்டான் மாதிரி நிக்காதீங்க" என்று அதட்டினாள். பெண்கள் சிரித்தார்கள். பேசவும் செய்தார்கள். முதுகுவலி, கழிப்பறைக்குப் போகக்கூட ஒருத்தியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டிய அவஸ்தை, மேனேஜரின் மூக்கு நுனியில் நிற்கும் கோபம், எல்லாம் வந்தது.

ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. உருளைக்குத் துணி ஊட்டுவதற்கென்று போட்டிருந்தது ஒரு பெரியவரை. பெண்கள் எல்லோரும் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரோ உருளைப் பக்கமே போவதில்லை. மடித்த துணியைத் தள்ளுவண்டியில் ஏற்றி லாரி வரைக்கும் தள்ளிக்கொண்டு போவார், வருவார். அவர் இடத்தில் மடிக்கிற பெண்கள் முறை வைத்து மாறி மாறி நின்றார்கள். கேட்டால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

சித்தப்பாவே சொன்னார். சாப்பாட்டு இடைவேளையில் அவள் எதிரே வந்து உட்கார்ந்து இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தார். விரல்கள் தாமாக ஆடின.

"போன வருஷம் ஆரம்பிச்சுதும்மா. டாக்டர் நரம்புங்கறார். நிக்காதாம், மெல்ல மெல்லக் கூடுமாம். வண்டிக் கைப்பிடியைப் பிடிச்சா மட்டும் அடங்குது. அதான் இந்தப் பொண்ணுங்க என்னை வண்டிக்கு அனுப்பிட்டு அவங்க வேலையையும் என் வேலையையும் சேத்துச் செய்யறாங்க. ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலந்தான் இருக்கு. அதுவரைக்கும் ஓட்டிடலாம்னு உங்க அண்ணி சொன்னா."

அண்ணி பின்னாலேயே வந்து நின்றாள். "மேனேஜருக்குத் தெரியாது. தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிருவான். இது வெளிய போகக் கூடாது. என்ன?"

"போகாது அண்ணி."

"குழந்தை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லமாட்டேன். உன் வாய் வார்த்தை போதும்."

"போகாது" என்று அவள் மறுபடியும் சொன்னாள்.

வினை கட்டத்தின் எண்களில் வந்தது. பகுதி பகுதியாக அவர் போட்ட கணக்கில் தேய்க்கும் பகுதியில் ஓர் ஆள் அதிகம் என்று நின்றது. வண்டி தள்ள வேறு பகுதியில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். ஒருநாள் சாயங்காலம் லாண்டரியிலிருந்து திரும்பும்போது காரில் வாத்தியார் அதையே பிடித்துக்கொண்டார்.

"உங்க அண்ணி பகுதியில யாரோ சும்மா உக்காந்திருக்காங்கம்மா. எண்ணு பொய் சொல்லாது. ஒருத்தரைக் குறைக்கலாம்னு எழுதிடட்டுமா? மடிக்கிற பொண்ணுங்கள்ல கடைசியா சேந்த ஒருத்தி இருக்காளே."

அந்தப் பெண்ணுக்குக் கைக்குழந்தை. அவள் பதறிவிட்டாள். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் அங்கே யாருமே இல்லை என்பது அவளுக்குத்தான் தெரியும். எழுத விடவும் முடியாது, காரணத்தைச் சொல்லவும் முடியாது. போக்குவரத்து விளக்கில் கார் நின்றது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே மனிதர்தானே பக்கத்தில் இருக்கிறார் என்று அவள் மனம் சமாதானம் சொன்னது.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். ஆனா இது ரிப்போர்ட்டுக்கு இல்ல."

எல்லாவற்றையும் சொன்னாள். சித்தப்பாவின் கை, தள்ளுவண்டி, பெண்கள் முறை வைத்து நிற்பது, அண்ணி செய்த ஏற்பாடு. வாத்தியார் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பெருமூச்சு விட்டார்.

"பாவம்மா. இப்படியும் மனுஷங்க இருக்காங்க பாரு. சரி விடு, அந்த எண்ணை நான் பாத்துக்கறேன். இது நமக்குள்ளயே இருக்கட்டும்."

அவளுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அன்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினாள்.

அறிக்கை தருகிற நாள் வந்தது. லாண்டரியின் மாடியில் கூட்ட அறை. மேஜையின் தலைமாட்டில் முதலாளி, பக்கத்தில் மேனேஜர். எதிரே வாத்தியார், கட்டம், அவள். வாத்தியார் மளமளவென்று பேசினார். மூட்டை இறங்குகிற இடத்தை மாற்றலாம், லாரி வருகிற நேரத்தைப் பிரிக்கலாம், இப்படி நல்ல யோசனைகள்தான் எல்லாம். முதலாளி கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"இதெல்லாம் எங்க மேனேஜரே சொல்லுவார் சார். எனக்குத் தெரியாத விஷயம் எதாவது கண்டுபிடிச்சீங்களா?"

வாத்தியார் தண்ணீர் ஒரு வாய் குடித்தார். "இருக்கு. தேய்க்கிற பகுதியில ஒரு வருஷமா ஒரு ஆளோட வேலையை மத்தவங்க மறைச்சு மறைச்சு செய்யறாங்க. அவருக்குக் கை நடுக்கம். உருளைக்கிட்ட நிக்கவே முடியாது. சூப்பர்வைசருக்கும் தெரியும், அவங்க ஏற்பாடுதான். எண்ணுல மட்டும் பாத்திருந்தா இது பிடிபட்டிருக்காது. எங்க காது கண்டுபிடிச்சாங்க."

சொல்லிவிட்டு அவள் பக்கம் கையைக் காட்டினார், பரிசு வாங்கிய பிள்ளையை மேடைக்குக் கூப்பிடுவது போல.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "சார்..." என்றாள். மேனேஜர் அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கொட்டாவி போன இடம் தெரியவில்லை. கட்டம் மட்டும் குனிந்து தன் கணினியின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க யாருக்கும் கெடுதல் பண்ணல" என்று அவள் ஒருவழியாகச் சொன்னாள். "வேலை ஒரு நாள்கூட நின்னதில்ல."

"அதை நாங்க பாத்துக்கறோம் மேடம்" என்றார் முதலாளி, இனிமையாக.

படியிறங்கும்போது வாத்தியார் அவள் தோளருகே வந்தார். "கோவிச்சுக்காதேம்மா. அந்த ஆள் அப்படிக் கேட்டதும் வாய் தவறி வந்துடுச்சு. வேலை கைநழுவிப் போயிடும் போல இருந்துச்சு, பாத்தியா?"

அவள் ஒரு படி முந்தி இறங்கினாள். ஆனால் உள்ளுக்குள் அவருக்காக வாதாடிக்கொண்டுதான் வந்தாள். மனுஷன்தானே, பயத்தில் உளறிவிட்டார், நாளைக்கு முதலாளியிடம் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று. இத்தனை வருஷ நம்பிக்கை ஒரே நாளில் உதிர்ந்துவிடுமா?

மறுநாள் அவளே லாண்டரி மேனேஜரை ஃபோனில் அழைத்தாள். சித்தப்பாவுக்கு வண்டி வேலையையே நிரந்தரமாகக் கொடுத்துவிடலாமே என்று கேட்கத்தான்.

"அதெல்லாம் முடிஞ்சு போச்சு மேடம்" என்றார் அவர். "காலையிலயே அனுப்பியாச்சு. முதலாளி போன வாரமே முடிவு பண்ணிட்டாரு. உங்க சார்தான் அப்பவே ஃபோன் பண்ணிச் சொல்லிட்டாரே. நேத்து எல்லார் முன்னாடியும் உங்க வாயாலயே ஒருதடவை வரட்டும்னுதான் முதலாளி அப்படிக் கேட்டாரு. கடைசியில உங்க சாரே சொல்லிட்டாரு."

அவள் ஃபோனை வைத்தாள். கீழே கடையில் யாரோ எழுத்துகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுந்து உள் அறைக்குப் போனாள். வாத்தியார் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வாய் தவறல, இல்லையா சார்?"

அவர் உடனே புரிந்துகொண்டார். மறைக்கவும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் அதிர்ச்சி.

"உக்காரு. சொல்றேன். அந்த ஆள் வேற கம்பெனிக்குப் போறதா இருந்தார். என் கையில வேற என்ன இருந்துச்சு? லாரி நேரத்தைப் பிரிங்கன்னு சொன்னா எவன் கிளைகளைத் தருவான்? இப்ப ரெண்டு கிளையும் நமக்கு வந்தாச்சு. கட்டத்துக்கு வேலை இருக்கு, உனக்கு வேலை இருக்கு. அதோட..." அவர் மேஜை ஓரத்தில் இருந்த சின்னப் பொட்டலத்தைத் திறந்தார். பித்தளைப் பெயர்ப்பலகை. அவர் பெயருக்குக் கீழே அவள் பெயர். "அடுத்த மாசத்துல இருந்து நீ பங்குதாரர். உனக்குத் தெரியாம வச்சிருந்தேன். ரொம்ப நாளா நான் தர நெனச்சது."

அந்தப் பலகைக்காக அவள் எத்தனை வருஷம் வாய்விட்டுக் கேட்காமல் காத்திருந்தாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. எழுத்து அழகாகத்தான் இருந்தது.

"நான் காருல உங்ககிட்ட சொன்னது ஒரு பொண்ணைக் காப்பாத்த சார்."

"காப்பாத்திட்டியே. அந்தப் பொண்ணு வேலையில இருக்கா இல்ல?"

"நமக்குள்ளயே இருக்கட்டும்னு சொன்னீங்க."

"அன்னிக்குச் சொல்லும்போது உண்மையாத்தான் சொன்னேன்" என்றார் அவர். அவள் அதையும் நம்பினாள். அவர் பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கட்டம் தலைநிமிராமலே, "அக்கா, அந்த எண்ணை நான் மாத்திப் போட்டிருக்கலாம். தெரிஞ்சிருந்தா பண்ணியிருப்பேன்" என்றார். அவள் அவர் நாற்காலியை லேசாகத் தட்டிவிட்டுப் படி இறங்கினாள். அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவில்லை.

அண்ணி வீட்டுக்குப் போவதுதான் பெரிய மலையாக இருந்தது. கணவர், "நான் முதல்ல போய் அக்காகிட்ட பேசறேன்" என்றார். வேண்டாம் என்று அவளே போனாள்.

அண்ணி கதவைத் திறந்துவிட்டு சமையலறைக்குத் திரும்பிப் போனாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளைச் சூப்பர்வைசர் பொறுப்பிலிருந்து இறக்கி, அழுக்கு மூட்டை பிரிக்கிற அறைக்குப் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரித் துணியைப் பிரிப்பதென்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கையுறை போட்டாலும் நாற்றம் மூக்கை விட்டுப் போகாது.

"எங்க பொண்ணுங்க எல்லாம் சொல்றாங்க, உங்க தம்பி பொண்டாட்டிதான் போட்டுக் குடுத்தான்னு" என்றாள் அண்ணி முதுகைக் காட்டியபடி. "நான் சண்டை போட்டுட்டு வந்திருக்கேன். அவ அப்படிப்பட்டவ இல்லன்னு. நீ இல்லன்னு சொல்லு. ஒரு வார்த்தை. நான் நம்பிடறேன்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் வாத்தியார் தலையில் மொத்தப் பழியும் விழுந்திருக்கும். அவளுக்கு வாய் வரை வந்தது.

"சொன்னேன் அண்ணி. முதலாளிகிட்ட இல்ல, எங்க சார்கிட்ட. அந்தக் குழந்தைக்காரியைத் தூக்கப் பாத்தாங்க. அதைத் தடுக்க வேற வழி தெரியல. அவர் வெளிய விடமாட்டார்னு நம்பினேன்."

அண்ணி குழாயை மூடினாள். ஈரக் கையோடு திரும்பினாள்.

"எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே. இப்படி ஒரு சிக்கல், என்ன பண்ணலாம்னு. நாங்க எல்லாரும் உக்காந்து யோசிச்சிருப்போமே. உனக்கு எங்களைவிட அவரு பெருசாப் போயிட்டாரு, இல்ல?"

இந்த யோசனை காரில் இருந்த அந்தச் சாயங்காலம் அவளுக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை.

"அவரு உனக்குப் பண்ணதைத்தான் நீ எங்களுக்குப் பண்ணே" என்றாள் அண்ணி. "உனக்கு வலிக்குதுன்னு தெரியுது. எனக்கும் அப்படித்தான் வலிக்குது. போயிட்டு வா."

அடுத்து வந்த மாதங்கள் கசந்தன. அவள் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு, தட்டச்சு என்று கிடைத்த வேலையைச் செய்தாள். பெரிய நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தாள். பழைய முதலாளியிடம் விசாரிக்கிறோம் என்பார்கள், அப்புறம் சத்தம் இருக்காது. அண்ணி தம்பியோடு மட்டும் ஃபோனில் பேசினாள். சில நாள் காலையில் பாத்திரம் துலக்கும்போது, மகள் கண் விழித்த அன்று வாத்தியார் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வரும். அதை வெறுக்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. கையிலிருக்கும் தட்டை 'ணங்' என்று வைப்பாள். "கோபம் யார்மேலயோ, பாவம் தட்டு என்ன பண்ணும்?" என்று கணவர் எட்டிப் பார்ப்பார். அவரும் அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இளைத்துத்தான் போயிருந்தார்.

ஒருநாள் அண்ணியே வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"சித்தப்பாவுக்காகத் தொழிலாளர் ஆபீசுல முறையிட்டிருக்கோம். அவரு நோயை மறைச்சு எல்லார் உயிருக்கும் ஆபத்து வரவச்சாருன்னு லாண்டரிக்காரங்க சொல்றாங்க. உங்க வாத்தியாரையும் சாட்சிக்குக் கூட்டிட்டு வர்றாங்க. வெளியாளு ஒருத்தர் கண்ணால பாத்ததைச் சொல்லணும். நீதான் பாத்தே. வருவியா?"

"வர்றேன்."

"வந்தா அப்புறம் இந்தத் தொழில்ல உன்னை எவனும் சேத்துக்கமாட்டான். யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன் அண்ணி. உள்ள வாங்க, தண்ணியாவது குடிங்க."

"இருக்கட்டும். பஸ்சுக்கு நேரமாச்சு."

தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு நீளமான அறை, ஒரு மின்விசிறி, அதிகாரி ஒரு அம்மாள். ஒரு பக்கத்தில் சித்தப்பா, அண்ணி, மடிக்கிற பெண்கள். மறுபக்கத்தில் மேனேஜரும் வக்கீலும் வாத்தியாரும். கதவைத் திறந்து உள்ளே வந்தவளைப் பார்த்ததும் வாத்தியார் முகம் வெளுத்தது. அவள் வருவாள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

வாத்தியார் முதலில் பேசினார். உருளை எவ்வளவு ஆபத்து, நடுக்கமுள்ள கை எவ்வளவு ஆபத்து என்று எப்போதும் போலத் தெளிவாகச் சொன்னார். அதிகாரி அவரைக் கேட்டார்: "அவர் அந்த உருளைக்குப் பக்கத்துல நின்னதை நீங்க பாத்தீங்களா?" வாத்தியார் தயங்கினார். "நான் நேர்ல பாக்கல. எங்க ஊழியர் சொன்னது."

"நான்தான் அந்த ஊழியர்" என்று அவள் எழுந்தாள்.

சுற்றி வளைக்கவில்லை. சித்தப்பாவை ஒருநாள்கூட உருளைப் பக்கம் பார்க்கவில்லை என்றாள். ஆபத்து வரக் கூடாது என்றுதான் அந்தப் பெண்கள் அவரை வண்டிக்கு மாற்றினார்கள், வண்டி பிடிக்கும்போது அவர் கை ஆடுவதில்லை என்றாள். அந்தப் பகுதியில் ஒரு நாளும் வேலை தேங்கவில்லை, எங்கள் நிறுவனம் போட்ட கணக்கே அதைச் சொல்லும் என்றாள். "எங்கிட்ட நம்பிச் சொன்னாங்க. அதை நான் இவர்கிட்ட சொன்னேன். இவர் அதை வச்சுப் புது வேலை வாங்கினார்." வக்கீல் வாத்தியாரை நிமிர்ந்து பார்த்தார்.

சில வாரங்களில் முடிவு வந்தது. சித்தப்பாவை ஓய்வு பெறும்வரை வண்டி வேலையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியாயிற்று. அவர் திரும்பிப் போன அன்று பெண்கள் உருளையை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்களாம், மேனேஜர் கத்துகிறவரைக்கும். அண்ணி விஷயத்தில் அதிகாரி தலையிடவில்லை. மேலிடத்திடம் மறைத்தது மறைத்ததுதான் என்று சொல்லிவிட்டார். அண்ணி இன்றும் அழுக்கு அறையில்தான் இருக்கிறாள். லாண்டரி முதலாளி தன் கிளைகளை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். வழக்குப் பேச்சு அடிபட்ட நிறுவனம் அவருக்கு வேண்டாமாம். கண்ணாடிக் கடைக்கு மேலே இப்போது ஒரு தையல் வகுப்பு நடக்கிறது. கட்டம் ஒரு வங்கியில் சேர்ந்துவிட்டார்.

ஆனால் அவளுக்கு நினைவில் தங்கியது முடிவு வந்த நாள் அல்ல, சாட்சி சொன்ன நாள்தான். வெளியே படிக்கட்டில் வாத்தியார் அவளுக்காகக் காத்திருந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. கோபமாகப் பேசுவார் என்று அவள் மனதைத் திடப்படுத்திக்கொண்டாள். அவர் கோபப்படவில்லை. கண் கலங்கியிருந்தது.

"நம்ம ரூமுக்குள்ள பேசினதை எல்லாம் இப்படி ஊரறியச் சொல்லிட்டியேம்மா. உன்னை என் சொந்தத் தங்கச்சி மாதிரி நம்பினேனே. நீ எனக்கு இப்படிப் பண்ணுவேன்னு நான் கனவுலகூட நெனச்சதில்ல."

அந்தக் குரலில் நடிப்பு இல்லை. நிஜமாகவே தனக்குத் துரோகம் நடந்துவிட்டது என்றுதான் அந்த மனிதர் நம்பினார். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்ல எத்தனையோ இருந்தது. "உடம்பைப் பாத்துக்குங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

அண்ணியும் பெண்களும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். பஸ் வந்தது. கூட்டம். அண்ணி முன்னால் ஏறி ஜன்னலோரம் ஓர் இடம் பிடித்தாள். பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்தாள். அவள் நின்றுகொண்டே வந்தாள். இரண்டு நிறுத்தம் கழித்து ஒரு வயதான அம்மாள் ஏறியபோது அண்ணி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு இடம் கொடுத்தாள்.

இறங்கும்போது மட்டும் திரும்பிப் பார்த்து, "தம்பியை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு" என்றாள். பிறகு, பஸ் கிளம்புகிற சத்தத்தில், "நீயும் வர்றதுன்னா வா" என்றாள்.

அவள் அந்த ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை போனாள்.